பனிப்புயலும் வளைகாப்பும்

1998 ஜனவரி 5ஆம் தேதி கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மழை பிடித்துக்கொண்டது. பொல்லாத மழை. வானத்திலிருந்து தண்ணீராக இறங்கி, கிளையிலோ கம்பியிலோ பட்ட மாத்திரத்தில் பனிக்கட்டியாக உறைந்துவிடும் மழை. ஐந்தாறு நாள் விட்டுவிட்டுப் பெய்து ஓய்ந்தபோது மரங்கள் முறிந்து கிடந்தன. உயரழுத்த மின்கோபுரங்கள் பனியின் பாரம் தாங்காமல் மடங்கி விழுந்திருந்தன. 30 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் இருட்டில் மூழ்கினார்கள். ஜனவரி மாதக் கனடாவில் மின்சாரம் இல்லையென்றால் வெளிச்சம் மட்டுமல்ல, வீட்டுக்குள் வெப்பமும் இல்லை. சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வர 40 நாளுக்கு மேல் ஆயிற்று.

அந்தக் குளிரில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள்.

மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் சூசான் கிங்குக்கு அந்தப் புயலில் ஒரு பழைய முடிச்சை அவிழ்க்கும் வழி தெரிந்தது. கர்ப்ப காலத்துத் துன்பம் குழந்தையைப் பாதிக்குமா என்று எலிகளை வைத்துச் சோதிக்கலாம். பெண்களை வைத்துச் சோதிக்க முடியாது. ஏற்கெனவே கவலையில் இருக்கும் பெண்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தால் வேறொரு சிக்கல் வரும். சுபாவத்திலேயே பதற்றமுள்ள தாயின் பிள்ளையும் பதற்றமாக இருந்தால், அதற்குக் காரணம் கருப்பையில் நடந்ததா, ரத்தத்தில் வந்ததா, வளர்த்த விதமா? பிரித்துச் சொல்ல வழியில்லை. புயலோ ஆள் பார்த்து வரவில்லை. எந்தக் கோபுரம் விழுந்தது என்பதைப் பொறுத்து ஒரு தெரு இருண்டது, அடுத்த தெரு பிழைத்தது.

அந்த ஜூன் மாதமே கிங்கின் குழு, புயலின்போது கர்ப்பமாக இருந்த பெண்களுக்கும், புயலுக்குப் பிறகு சில மாதங்களில் கருவுற்றவர்களுக்கும் கேள்வித்தாள் அனுப்பியது. அதில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்டார்கள். என்ன நடந்தது என்பது ஒன்று: எத்தனை நாள் மின்சாரம் இல்லை, வீட்டை விட்டுப் போக நேர்ந்ததா, வருமானம் போயிற்றா, யாருக்காவது அடிபட்டதா. அதை எப்படி உணர்ந்தீர்கள் என்பது இன்னொன்று. பிறந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இரண்டு வயதில் பேச்சும் அறிவு வளர்ச்சியும், ஐந்தரை வயதில் மொழித்திறன் என்று அளந்து பார்த்தபோது, தாய் எவ்வளவு கலங்கினாள் என்பதைவிட அவளுக்கு எவ்வளவு கஷ்டம் நேர்ந்தது என்பதோடுதான் அந்த மதிப்பெண்கள் கூடுதலாக ஒத்துப்போயின. 13 வயதில் 36 பிள்ளைகளின் ரத்த செல்களில் மரபணுக்களின் மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளைப் பார்த்தார்கள். அங்கேயும் கஷ்டத்தின் தடம் தெரிந்தது, கலக்கத்தின் தடம் தெரியவில்லை. 36 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. பிள்ளைகளிடையே தென்பட்ட வேறுபாடும் பெரும்பாலும் இயல்பான எல்லைக்குள் இருந்ததுதான். இரண்டையும் மறக்காமல் வைத்துக்கொண்டுதான் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

ஆனாலும் இதில் நம் ஊருக்கு ஒரு செய்தி இருக்கிறது. மாசமாக இருக்கும் பெண்ணைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அத்தையிலிருந்து பல்லைப் பிடுங்கும் டாக்டர் வரை எல்லோரும் சொல்வது ஒன்றே: “மனசை சந்தோஷமா வச்சுக்கோம்மா, எதையும் நெனச்சுக் கவலைப்படாதே.” கூடவே அபிமன்யு வருவான். கருவிலேயே சக்கரவியூகக் கதை கேட்டவன், பாதியில் அம்மா தூங்கிவிட்டதால் வெளியே வரும் வழி தெரியாமல் மாண்டவன். எட்டு மாத வயிற்றோடு ஒருத்தி கண்ணயர்ந்ததை இத்தனை தலைமுறையாக நாம் குற்றமாகச் சொல்லி வருகிறோம். அவள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டுக் கதை சொல்லியிருக்கலாமே என்று கதை சொன்னவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். பயமோ நெருக்கடியோ வரும்போது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குத் தகவல் அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினலை உசுப்புகிறது. அட்ரினல் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. போதுமான அளவு வந்ததும் அதே கார்டிசால் மூளைக்குப் போய் ‘நிறுத்து’ என்கிறது. சாதாரண நாளில் இப்படித்தான். கர்ப்பத்தில் கணக்கு மாறுகிறது. எந்தக் கவலையும் இல்லாத பெண்ணுக்கும் கடைசி மாதங்களில் கார்டிசால் இரண்டு மூன்று மடங்கு உயரும். அது நோயல்ல, தேவை. குழந்தையின் நுரையீரல் முதிர அந்த ஹார்மோன் வேண்டும்.

அதற்காக முழுவதும் குழந்தைக்குப் போய்விடுவதில்லை. நஞ்சுக்கொடியில் ஒரு நொதி இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து வருகிற சரக்கையெல்லாம் சோதிக்கும் காவலாளியைப் போல, வருகிற கார்டிசாலில் பெரும்பகுதியைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. நூறில் பத்து இருபது பங்குதான் உள்ளே நுழைகிறது. நீண்ட நாள் கடுமையான நெருக்கடி இருந்தால் இந்த நொதியின் வேகம் குறைவதாக விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைவிட விசித்திரமான ஏற்பாடு ஒன்றும் உண்டு. மூளை சுரக்கும் சி.ஆர்.எச். என்ற தூண்டு ஹார்மோனை நஞ்சுக்கொடியும் சுரக்கிறது. மூளையில் கார்டிசால் அதை அடக்கும். நஞ்சுக்கொடியிலோ அதே கார்டிசால் அதைக் கிளப்பிவிடும். பிரசவ நேரம் நெருங்குவதற்கு ஏற்ப இது ஏறிக்கொண்டே போகும். நேரத்துக்கு முந்தி ஏறினால் குறைப்பிரசவத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. கடும் நெருக்கடிக்கும் நாள் முந்திய பிரசவத்துக்கும் உள்ள தொடர்புக்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் இது முக்கியமானது.

இயற்கை வேறொரு பாதுகாப்பும் வைத்திருக்கிறது. 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் நார்த்ரிட்ஜ் பூகம்பம் வந்தது. அப்போது கர்ப்பமாக இருந்தவர்களையும் சற்றுமுன் பெற்றவர்களையும் லாரா கிளின் என்ற ஆய்வாளரின் குழு விசாரித்தது. ஒரே பூகம்பத்தை முதல் மூன்று மாதத்தில் இருந்தவர்கள் மிக மோசமான அனுபவமாகச் சொன்னார்கள். நிறைமாதத்துக்காரர்கள் அவ்வளவு பெரிதாகச் சொல்லவில்லை. முதல் மூன்று மாதத்தில் அதிர்ந்தவர்களுக்குப் பிரசவமும் சற்று முன்னதாகவே ஆனது. நாள் ஆக ஆகத் தாயின் உடம்பு அதிர்ச்சியை மட்டுப்படுத்தக் கற்றுக்கொள்கிறது என்று தெரிகிறது.

பயமுறுத்தும் எண்களை எப்படிப் படிப்பது என்பதற்கு பிரிஸ்டல் நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் அந்த நகரைச் சுற்றி 1991, 92இல் சுமார் 14,000 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பேறுகாலத்தின் கடைசிக் கட்டத்தில் மிக அதிகப் பதற்றம் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு நான்கு வயதில் நடத்தை, உணர்ச்சிச் சிக்கல்கள் இரு மடங்கு இருந்தன என்று தாமஸ் ஓ’கானர், விவெட் குளோவர் குழு 2002இல் எழுதியது. ‘இரு மடங்கு’ என்ற சொல் பத்திரிகைத் தலைப்புக்கு வசதியானது. கணக்கைப் பிரித்தால், 100 பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு இருந்தது 10 பேர் அளவுக்குப் போயிற்று. மிச்சம் 90 பேர், மிகப் பதற்றமான தாய்மாரின் பிள்ளைகளில், நன்றாகவே இருந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேனட் டிபியெட்ரோ 2006இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்: ஆரோக்கியமான பெண்களுக்கு அன்றாட வாழ்வில் வரும் மிதமான மன அழுத்தம் இருந்தபோது, பிள்ளைகள் இரண்டு வயதில் சற்று முன்னேறியே இருந்தார்கள். அலுவலகத்தில் ஒரு சண்டை, பஸ்ஸைத் தவறவிட்ட எரிச்சல், ஸ்கேன் ரிப்போர்ட் வரும்வரை தூக்கம் வராத ஓர் இரவு இவற்றால் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நடுங்க வேண்டியதே இல்லை.

அப்படியானால் பதற்றத்தைத் தணிக்க எதுவும் செய்ய வேண்டாமா? செய்யலாம். தாய்க்கு நிம்மதி என்பதே போதுமான காரணம்.

மிக மலிவான வழி மூச்சு. நாலு எண்ணும் நேரம் உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் நேரம் வெளியே விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இந்த வேகத்தில் வேகஸ் நரம்பு இதயத்தைத் தணிக்கிறது; இதயத் துடிப்புகளின் இடைவெளியில் ஆரோக்கியமான ஏற்ற இறக்கம் கூடுகிறது. மூச்சை அடக்கி நிறுத்தும் கும்பகம் மட்டும் கர்ப்பத்தில் வேண்டாம். டிபியெட்ரோவே 2008இல் 32 வாரக் கர்ப்பிணிகள் 100 பேரைச் சாய்வாக உட்காரவைத்து, மனதைத் தளர்த்தும் ஒலிப்பதிவைக் கேட்கச் செய்தார். 18 நிமிடம்தான். தாயின் நாடித்துடிப்பு இறங்கியது. வயிற்றுக்குள் குழந்தையின் துடிப்பும் நிதானப்பட்டது, அசைவும் அடங்கியது. மருந்தில்லாமல் கால்மணி நேரத்தில் இரண்டு இதயங்கள் வேகம் குறைந்தன.

யோகாவைப் பற்றிப் பேச பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அங்கே விவேகானந்தர் பெயரில் இயங்கும் யோகப் பல்கலைக்கழகத்தின் நாகரத்னா, நாகேந்திரா குழு 2005இல் 335 பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. ஒரு பிரிவினர் 18, 20ஆம் வாரத்திலிருந்து பிரசவம் வரை தினம் ஒரு மணி நேரம் யோகா செய்தார்கள். மற்றவர்கள் தினம் இரண்டு வேளை அரை மணி நேரம் நடந்தார்கள். யோகா பிரிவில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தைகள் அதிகம், குறைப்பிரசவம் குறைவு. ஆனால் யார் எதில் சேர்வது என்று குலுக்கிப் பிரிக்கவில்லை. யோகா வேண்டும் என்று வருபவருக்கு வீட்டில் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்க ஆள் இருந்திருக்கலாம். 2009இல் அதே நிறுவனத்தின் சத்யப்ரியா குழு அந்தக் குறையைச் சரிசெய்தது. குலுக்கல் முறையில் பிரித்த பெண்களில், யோகா செய்தவர்கள் தாங்களாக உணர்ந்த மன அழுத்தம் சுமார் 32 சதவீதம் குறைந்தது. சாதாரணப் பேறுகால உடற்பயிற்சி செய்தவர்களுக்கு சுமார் 7 சதவீதம் கூடியது. யூடியூப் பார்த்துச் செய்கிறவர்கள் இரண்டு மூன்றை நினைவில் வைத்தால் போதும்: ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுக்கும் ஆசனங்கள் கூடாது, வயிற்றை அழுத்தும், முறுக்கும் நிலைகள் கூடாது, சூடேற்றிய அறையில் செய்யும் புதுப்பாணி யோகா கூடவே கூடாது. யோகா பிடிக்காதவர்களுக்கு நடை இருக்கிறது. மருத்துவர் தடை சொல்லாத வரை வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

இசைக்கும் சான்று உண்டு. தைவானின் காவ்சியுங் நகரில் 2008இல் வெளியான ஆய்வில் 236 கர்ப்பிணிகள் பங்கேற்றார்கள். ஒரு பாதியினர் தாலாட்டு, செவ்வியல் இசை, அருவி, பறவை ஒலிகள், சீனக் குழந்தைப் பாடல்கள் ஆகியவற்றில் பிடித்ததை எடுத்துக்கொண்டு தினம் அரை மணி நேரம் கேட்டார்கள். இரண்டே வாரத்தில் மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. இங்கே ‘பிடித்ததை’ என்பது முக்கியம். இளையராஜா பிடித்தவருக்கு இளையராஜா. குழந்தைக்கு அறிவு வளரும் என்று மொசார்ட்டைச் சகித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது.

இந்த வகையில் பெரிய சோதனை பார்சிலோனாவில் நடந்தது. குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் அபாயம் உள்ள 1,221 பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெயும் அக்ரூட்டும் கொடுத்து மத்தியதரைக்கடல் பாணி உணவு; இன்னொரு குழுவுக்கு எட்டு வார மனப்பயிற்சி; மூன்றாவதற்கு வழக்கமான கவனிப்பு. 2021இல் வந்த முடிவில், எடை குறைந்து பிறந்த குழந்தைகள் வழக்கமான கவனிப்பில் 21.9 சதவீதம், உணவுக் குழுவில் 14, மனப்பயிற்சிக் குழுவில் 15.6. மனதைத் தளர்த்தியதால் குழந்தையின் எடை கூடிற்று என்பதைக் குலுக்கல் சோதனையில் காட்டியது சாதாரண விஷயமல்ல. அதே சமயம் அந்தப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பும், தினம் வீட்டுப்பாடமும் வேண்டும். மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று தெரியாத ஒருத்தியால் அது முடியுமா என்பது தனிக் கேள்வி.

மருந்துக்கடையில் மன அழுத்தத்துக்கு என்று அஸ்வகந்தா மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. நம் அமுக்கராக் கிழங்குதான். நாட்டு மருந்து, பக்கவிளைவு இல்லை என்று யாராவது வாங்கிக் கொடுத்தால் கர்ப்பிணி தொடக்கூடாது. கர்ப்பத்தில் அது பாதுகாப்பானது என்று நிரூபணமில்லை, தவிர்க்கும்படியே எச்சரிக்கிறார்கள்.

மூச்சு, யோகா, இசை மூன்றுமே அந்தப் பெண் தானே செய்துகொள்ள வேண்டியவை. அவளைச் சுற்றி இருப்பவற்றைப் பற்றி வேலூரில் நடந்த ஓர் ஆய்வு பேசுகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கடைசி மூன்று மாதத்தில் இருந்த 359 பெண்களைச் சந்தித்து, பிரசவத்துக்குப் பின்னும் போய்ப் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், நூற்றுக்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. எவருக்கு வந்தது என்று பார்த்தால் பட்டியல் இது: வருமானம் குறைந்த வீடு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிள்ளை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்பத்தின்போது நேர்ந்த துயர நிகழ்வுகள், வேலைக்குக் கைகொடுக்க ஆளில்லாமை. இதில் ஒன்றைக்கூட மூச்சுப்பயிற்சியால் தீர்க்க முடியாது.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மான் இந்த இடத்தில்தான் கை வைத்தார். அங்கே ‘லேடி ஹெல்த் ஒர்க்கர்’ என்று வீடுவீடாகப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். பள்ளிப்படிப்பு முடித்தவர்கள், நம் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஆஷா பணியாளருக்கும் இடைப்பட்டவர்கள். மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளிடம் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறை, பிறகு இடைவெளி விட்டு விட்டு, மொத்தம் 16 சந்திப்பு. தாயின் உடல்நலம், குழந்தையோடு உறவு, சுற்றியிருப்பவர்களோடு உறவு என்று மூன்று திசையில் பேச்சு போகும். ‘உனக்கு மனநோய்’ என்று யாரும் தொடங்கவில்லை. குழந்தை நன்றாக வளர வேண்டும் என்று தொடங்கினார்கள். அந்த வார்த்தைக்கு எந்த மாமியாரும் கதவைச் சாத்தமாட்டார்; ஆகவே மாமியாரும் கணவரும்கூட அந்தப் பேச்சுக்குள் வந்துவிட்டார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே எண்ணிக்கையில் வீட்டுச் சந்திப்பு நடந்தது, பயிற்சி இல்லாத பணியாளர்களைக் கொண்டு. மொத்தம் 903 தாய்மார். பிரசவமாகி ஆறு மாதத்தில் ஒப்பீட்டுக் குழுவில் 53 சதவீதம் பேர் இன்னும் மனச்சோர்வில் இருந்தார்கள்; பயிற்சி பெற்றவர் வந்துபோன வீடுகளில் 23 சதவீதம். 2008இல் லான்செட் இதழில் வந்த இந்தச் சோதனையை அடிப்படையாக வைத்து உலக சுகாதார நிறுவனம் பின்னர் கையேடே வெளியிட்டது.

ஆஸ்திரேலியாவில் இதற்குத் தற்செயலாக இன்னொரு சான்று கிடைத்தது. பிரிஸ்பேன் நகரின் மேட்டர் தாய்மை மருத்துவமனையிலும் சிட்னியில் ஒரு மருத்துவமனையிலும் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒரு பிரிவுக் கர்ப்பிணிகளுக்குத் தொடக்கம் முதல் பிரசவத்துக்குப் பிறகு வரை பழகிய ஒரே மருத்துவச்சி. பட்டம் படித்த மருத்துவச்சிகள். ஆளுக்கு வருடத்துக்கு 40 பேர் அளவில்தான் பொறுப்பு. போன் எண் கர்ப்பிணியின் கையில் இருக்கும். மற்றொரு பிரிவுக்கு வழக்கப்படி, போகிற நாளில் பணியில் யார் இருக்கிறாரோ அவர். இரண்டு ஊரிலுமாக 1,748 பெண்கள். நடுவில் 2011 ஜனவரியில் குயின்ஸ்லாந்து வெள்ளம் வந்தது. மாநிலத்தின் முக்கால் பங்கு பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கப்பட்டது, பிரிஸ்பேன் ஆறு கரையேறி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்தது, 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மான்ட்ரியாலிலிருந்து சூசான் கிங்கும் சேர்ந்துகொள்ள, சோதனையில் இருந்த பிரிஸ்பேன் பெண்களிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டார்கள். பிரசவமாகி ஆறு வாரத்தில் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களிடம் வெள்ளத்தின் அடி கூடக்கூட மனநலப் பாதிப்பும் கூடியிருந்தது. தெரிந்த மருத்துவச்சி இருந்தவர்களிடம் அந்த ஏற்றம் மட்டுப்பட்டிருந்தது. அவர்களுடைய வீட்டிலும்தான் சேறு புகுந்திருந்தது. யாருக்குப் போன் செய்வது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் செக்கப்புக்கு வரிசையில் நிற்கும் ஒருவர், ஒவ்வொரு மாதமும் புதிய முகத்திடம் பழைய கதையை முதலிலிருந்து சொல்கிறார். கிராமங்களில் நிலைமை பரவாயில்லை. அங்கே கர்ப்பத்தைப் பதிவுசெய்வதிலிருந்து தடுப்பூசி வரை ஒரே கிராம சுகாதாரச் செவிலியர்தான், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். அவர் கையில் இருக்கும் பதிவேடுகளில் பாதியைக் குறைத்தால் பேச நேரம் கிடைக்கும்.

பணத்தை மன அழுத்தத்துக்கு மருந்தாக யாரும் எண்ணுவதில்லை. கனடாவின் மனிடோபா மாநிலம் 2001இல் வருமானம் குறைந்த கர்ப்பிணிகளுக்கு மாதம் 81 டாலர் வரை, இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போடாமல் கொடுக்கத் தொடங்கியது. பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டபோது, பெற்றவர்களிடம் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் குறைவாக இருந்தன. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கி, இன்று ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்கு வந்திருக்கிறது. இந்தப் பணம் கர்ப்பத்தின்போதே, வங்கிக் கணக்கில், தவணை தவறாமல் வந்து சேர்வதுதான் விஷயம். குழந்தை நடக்கத் தொடங்கியபின் வரும் தவணையால் ஏழாம் மாதத்துக் கவலை தீராது.

வளைகாப்பையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். வளையல் சத்தம் குழந்தையின் மூளையை வளர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் உலவும் விளக்கங்களை விட்டுவிடுவோம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ ஊரைக் கூட்டி, கை நிறைய வளையல் அடுக்கி, புளிசாதம், தேங்காய்சாதம், தயிர்சாதம் என்று கட்டி, அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மறுநாளிலிருந்து அடுப்படி வேலை அவள் தோளிலிருந்து இறங்குகிறது. ஏற்கெனவே பெற்றவர்கள் பத்துப் பேர் பயத்தைப் போக்கப் பேசுகிறார்கள். கணியம்பாடிப் பட்டியலில் இருந்த ‘கைகொடுக்க ஆளில்லாமை’க்கு நம் பாட்டிமார் வைத்திருந்த பதில் இது. அங்கன்வாடிகள் மூலம் அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு, வசதியில்லாத வீட்டுப் பெண்களுக்கும் அந்த ஒரு நாளைக் கொடுக்கிறது. கைம்பெண்ணையும் பிள்ளையில்லாதவளையும் பந்தலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் மட்டும் இந்தச் சடங்கோடு சேர்ந்தே வந்துகொண்டிருக்கிறது. பெற்ற தாயே கைம்பெண் என்பதால் ஒதுங்கி நிற்க, மகள் சிரித்த முகமாக மணையில் உட்கார வேண்டியிருக்கிறது.

சில நேரம் இது மன அழுத்தம் என்ற கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, உறக்கமோ பசியோ போய்விட்டது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். 1987இல் உருவான எடின்பரோ கேள்வித்தாளில் பத்தே கேள்விகள். தமிழில் வேலூரில் சோதித்துச் சரிபார்த்த வடிவம் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தாங்களாக நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மனச்சோர்வு மருந்தை நிறுத்திய கர்ப்பிணிகளில் 68 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 சதவீதம். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எதை மாற்றுவது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். டெலி மனஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் அடி விழுகிறது என்றால் 181.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் பிரசவ நேரத்துப் பயம். அதற்கான மருந்து குவாத்தமாலாவில் கிடைத்தது. அங்குள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் உறவினரை விடுவதில்லை. ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் ஆகிய அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய சோதனையில், சில பெண்களோடு மட்டும் ஒரு பெண் துணையிருந்தாள். அவள் செவிலியும் இல்லை, சொந்தமும் இல்லை. அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவள். முதுகைத் தடவினாள், கையைப் பிடித்துக்கொண்டாள், பேசினாள். சிக்கலின்றிப் பெற்றவர்களை ஒப்பிட்டால், மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து பிரசவம் வரை தனியாக இருந்தவர்களுக்குச் சராசரி 19.3 மணி நேரம். துணை இருந்தவர்களுக்கு 8.8. இது 1980இல் வெளியானது. 2017இல், 17 நாடுகளின் 26 சோதனைகளில் 15,000க்கும் அதிகமான பெண்களைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வும், துணையோடு இருந்தவர்களுக்கு சிசேரியன் குறைவு, வலி நேரம் குறைவு, பிரசவத்தைப் பற்றிய கசப்பு குறைவு என்றே சொன்னது.

தமிழ்நாடு 2004இலேயே அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் துணையாள் ஒருவரை அனுமதித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் அதை நாடு முழுவதற்கும் சொன்னது. விதிகள் எளியவை. துணையாள் பெண்ணாக, முடிந்தால் தானும் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக்கூடாது, சுத்தமான உடையில் கடைசிவரை கூடவே இருக்க வேண்டும், மருத்துவர் வேலையில் குறுக்கிடக்கூடாது, பக்கத்துக் கட்டில் பெண்களைப் பார்க்கப் போகக்கூடாது. ஒவ்வொருவருக்கும் மறைவு இருக்கும் இடங்களில் கணவரையும் விடலாம் என்று அதே உத்தரவு சொல்கிறது. வரிசையாகக் கட்டில் போட்ட பொது அறையில் அதற்குத் தேவைப்படுவது கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரைச்சீலையும், அதை மாட்ட ஒரு கம்பியும்.